பத்து நாள் விடுப்புக்கு அப்பாஸ்ட்ரபி வேண்டுமா?

பாளைவாசி: வணிக ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரபி, அதாவது உடைமையைக் காட்ட எழுத்துக்கு மேலே இடும் ’ என்ற குறி, செத்துவிட்டது என்றும், ‘டென் டேஸ் லீவ்’ என்று குறியில்லாமல் எழுதுவதே இன்றைய முறை என்றும் திருநெல்வேலி டவுணில் கடை வைத்திருக்கும் வியாபாரி அண்ணாச்சி நேற்று இங்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு எனப்படும் பாளையங்கோட்டைக்கு ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம், வந்து கேட்டிருக்கலாம். ‘டேஸ்’ என்பதன் எஸ்ஸுக்குப் பின்னால் அந்தக் குறி வந்தே தீர வேண்டும்.

டவுண் வியாபாரி: பார்க்ளேஸ் வங்கியின் பெயரில் குறி இருக்கிறதா? வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக்கடை 2012இல் அதைக் கழற்றிப் போட்டதே, கடையை மூடிவிட்டார்களா? வெள்ளைக்காரர்கள் இறக்கி வைத்த சுமையை நாம் எதற்குத் தூக்க வேண்டும்?

பாளைவாசி: கடைப்பெயர் வேறு, விடுப்பு விண்ணப்பம் வேறு. ‘ஒன் டே’ஸ் லீவ்’ என்று ஒரு நாளுக்கு எழுதும்போது வருகிற எஸ் பன்மையாக இருக்க முடியாது, உடைமைதான். அந்த உடைமை பத்து நாளானதும் தாமிரபரணியோடு போய்விடுமா? குறி கசந்தால் இணைப்புக்கோடு இட்டு ‘எ டென்-டே லீவ்’ என்று ஒருமையில் எழுதுங்கள்.

டவுண் வியாபாரி: எங்கள் கடைப் பையன்கள் ‘ஒன் டே லீவ்’ என்றுதான் எழுதித் தருகிறார்கள், நானும் விடுப்புக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்பை மருமகள்: உடைமைப் பெயர் எது, கூட்டுப்பெயர் எது என்று முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே. ‘மரக்கிளை’யில் வேற்றுமை உருபு மறைந்து நிற்பதுபோல, ‘ஷூ ஷாப்’ என்னும் கூட்டுப்பெயரில் முன்சொல் குறியில்லாமல் ஒருமையில் நிற்கிறது. ‘சேல்ஸ் மேனேஜர்’ போன்ற சில மட்டும் விலக்கு.

டவுண் வியாபாரி: ‘சேல்ஸ் மேனேஜர்’ என்பதில் குறி இல்லை என்று மருமகளே சொல்லிவிட்டார், கவனித்தீர்களா?

பாளைவாசி: அது கூட்டுப்பெயர். ‘கஸ்டம்ஸ் ஆபீசர்’ விவாதத்தில் சென்ற மாதமே இதை நான் விளக்கியபோது, பதில் சொல்லாமல் நழுவியவர் நீங்கள். குறி செத்துவிட்டது என்று முழங்கும் உங்கள் கடைப் பலகையிலேயே ‘ஸ்வீட்’ஸ்’ என்று வெறும் பன்மைக்கு அதைப் பிடித்து ஒட்டியிருக்கிறீர்களே, அது எந்த நாட்டு முறை?

டவுண் வியாபாரி: அது பலகை எழுதியவர் செய்த வேலை. அந்தப் பலகைக்குக் கீழே நின்று தீபாவளிக்கு அரைக்கிலோ அல்வா கடனாக வாங்கியபோது உங்கள் கண்ணுக்கு இலக்கணம் தெரியவில்லையோ?

அம்பை மருமகள்: நான் கேட்ட வரையறை என்ன ஆயிற்று?

பாளைவாசி: அல்வாக் கணக்கை மறுநாளே தீர்த்துவிட்டேன். லாய்ட்ஸ் வங்கிக்குக் குறி இல்லை, லண்டனின் லாய்ட்’ஸ் காப்பீட்டுச் சந்தைக்கு இருக்கிறது. பெயர் வைப்பது அவரவர் விருப்பம், விண்ணப்பம் எழுதுவது அப்படியன்று. எஸ்ஸுக்குப் பின்னால் குறி வரும்.

டவுண் வியாபாரி: பார்க்ளேஸுக்கு இல்லை.