மறு: மாறுவேடக் காதலுக்கு ஒரு கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

எலிசபெத் காலத்து இன்பியல் நாடகங்களைப் பற்றிய பாடப்பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேடமிட்டுக் காதல் வளர்க்கும் உத்திக்கு இன்னும் பெயர் அமையவில்லை. ‘கரவுக்களவு’ என்னும் பரிந்துரையை ஏற்கத் தயங்குகிறேன். அகப்பாடல்களில் வரும் மறைவான காதலாகிய களவில் தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் அறிவர், ஊர்தான் அறியாது. 1599-ஐ ஒட்டி எழுதப்பட்ட, ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்திலோ ஆர்லாண்டோ ஆர்டன் காட்டு மரங்களில் பாட்டெழுதித் தொங்கவிட்டுத் தன் காதலை ஊரறியச் செய்கிறான்; தன் எதிரே கானிமீட் என்னும் இளைஞனாக நிற்பவள் ரோசலிண்டே என்பது அவனுக்குத்தான் தெரியவில்லை. காதல் வெளிப்பட்டிருக்க ஆள் மறைந்திருக்கும் இந்நிலையைக் களவு என்றால் மாணவர்க்கு அகத்திணையும் குழம்பும், நாடகமும் குழம்பும்.

வேடம் வடசொல் என்று விலக்கி, ‘வேய்க்காதல்’ என்கிறார் நம் குழுவின் அம்மையார். ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்னும் தொல்காப்பிய அடியில் வேய் என்பது ஒற்றறிந்த செய்தி. ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்த் நைட்’ நாடகத்தில் வயோலா, செசாரியோ என்னும் ஆண் வேடத்தில் ஒலிவியாவிடம் செல்கிறாள் என்றாலும் உளவறியச் செல்லவில்லை. தான் விரும்பும் ஒர்சினோவுக்காகவே தூது செல்கிறாள். மேலும், வேய் என்றதும் மாணவர் மூங்கிலையே நினைப்பர்.

கானிமீட், தன்னை ரோசலிண்டாகப் பாவித்துக் காதல்மொழி பேசுமாறு ஆர்லாண்டோவிடம் சொல்கிறான். அக்காலத்து ஆங்கிலப் பொதுமேடையில் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே ஏற்றதால், பெண்ணாக நடிக்கும் சிறுவன் ஆண் வேடமிட்டு, அவ்வேடத்திலேயே மீண்டும் பெண்ணாகப் பாவிக்கிறான். உரையாடலிலும் விளையாடலிலும் உள்ள ‘ஆடல்’ இப்பேச்சுக்கும் நடிப்புக்கும் ஒருசேரப் பொருந்துவதால் ‘மாறுவேடக் காதலாடல்’ என்பதை முன்வைக்கிறேன்.

* * *

ஐயா,

களவு பற்றிய தங்கள் மறுப்பு சரியே. ஆனால் ‘ஆடல்’ ரோசலிண்டுக்கு மட்டுமே பொருந்தும். வேடம் அவளைப் பேசவைக்கிறது. வயோலாவையோ வாய்பேச விடாமல் கட்டிப்போடுகிறது. காதலைச் சொல்லாமலே வாடிய ஒரு பெண்ணைப் பற்றி, தன் தந்தையின் மகள் என்று மட்டும் ஒர்சினோவிடம் கூறி அவள் நிறுத்திக்கொள்கிறாள். இருவரையும் தழுவாத சொல் பாடநூலுக்கு உதவாது. பெரும்பாலோர் இசைந்துவிட்ட ‘மாறுவேடக் காதல்’ என்பதையே வெள்ளிக்கிழமைக்குக் கொடுங்கள். வேய்தல் ஒற்றாடலை மட்டும் குறிப்பதன்று. சூடுதலும் போர்த்தலும் அதன் பொருள்களே. வேடம் என்னும் சொல்லே அவ்வினையின் வழிவந்தது என்று நான் கருதுவதற்கான காரணங்களை அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.