வலி ஆராய்ச்சியில் மூத்திரப்பைக்கு என்ன வேலை? ஆர்விஎம் பரிசோதனை பற்றிச் சில சந்தேகங்கள்

புதுச்சிறகு கேட்டது:

வணக்கம். உடலியங்கியலில் பிஎச்டி இரண்டாம் ஆண்டு. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலிக் கட்டுப்பாடுதான் தலைப்பு. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெகி மேசனின் கட்டுரைகளை ஆண்டு வரிசையில் படித்துக்கொண்டிருக்கிறேன். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஹவர்ட் ஃபீல்ட்ஸ் ஆய்வகத்தில் தொடங்கியது சுத்தமான வலி ஆராய்ச்சி. பிறகு தூக்கம், மூத்திரம், சாப்பாடு, உடல் சூடு என்று எங்கெங்கோ போகிறது. இது தலைப்பு மாறிப்போனதா, இல்லை ஒரே இழைதானா?

இன்னொன்று. விஸ்டார் இன எலியின் மூளைத்தண்டில், முகுளத்தில் உள்ள ஆர்விஎம்மில் 0.5 மைக்ரோலிட்டர் மருந்து செலுத்தி டெயில்-ஃப்ளிக் (வாலில் விளக்குச் சூடு பட்டு, எலி வாலை இழுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) எடுப்பதாகத் திட்டம். எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

தண்டுவடம் எழுதியது:

ஒரே இழைதான். 2011இல் வந்த, எலி தன் கூட்டாளியைக் குழாயிலிருந்து விடுவிக்கும் வேலை மட்டும் தனிக் கிளை. மற்றதில் எல்லாம் ஆர்விஎம்மின் முக்கியப் பகுதியான ரேஃபி மேக்னஸின் அதே செல்களைத்தான் விடாமல் துரத்தியிருக்கிறார்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1964இல் ட்ஸோ, ஜாங் இருவரும் முயலின் நடுமூளையில், கால்வாயைச் சுற்றிய சாம்பல் பகுதியான பிஏஜியில் துளி மார்ஃபின் வைத்தாலே வலி அடங்குவதைக் காட்டினார்கள். 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ் அதே பகுதியில் மின்தூண்டல் மட்டும் கொடுத்து, மயக்கமருந்து இல்லாமலே எலியின் வயிற்றைத் திறந்தார். அந்த வலிநீக்கத்தை, மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலாக்சோன் ஓரளவு குறைக்கிறது என்று 1976இல் லீபஸ்கைண்ட் குழு சொன்னது. அதையொட்டி பேஸ்பாமும் ஃபீல்ட்ஸும் பாதையை வரைந்தார்கள்: பிஏஜியிலிருந்து முகுளத்தின் நடுக்கோட்டு அடிப்பகுதியான ஆர்விஎம், அங்கிருந்து, வலிச்சேதி வந்து சேரும் தண்டுவடப் பின்கொம்பு.

1983இல் ஃபீல்ட்ஸ் குழு ஆர்விஎம் செல்களை மூன்றாகப் பிரித்தது. வாலில் சூடு வைத்ததும், எலி வாலை இழுப்பதற்குச் சற்று முன்பு திடீரென்று பொரிந்து கிளம்புவது ஆன் செல். அதே கணத்தில் சட்டென நின்றுபோவது ஆஃப் செல். இரண்டும் இல்லாதது நியூட்ரல். மார்ஃபின் போட்டால் ஆன் அடங்கிவிடும், ஆஃப் இடைவிடாமல் ஓடும். பார்க்க அழகான மாதிரி.

ஆனால் எலிக்கு நாள் முழுக்க யாரும் சூடு வைப்பதில்லையே. மற்ற நேரத்தில் இந்தச் செல்களுக்கு என்ன வேலை? மேசனின் பாதை முழுக்க இந்தக் கேள்விதான். 1999இல் லியுங்கோடு சேர்ந்து மயக்கமில்லாத எலியில் பதிவு செய்தபோது, மெல்லலைத் தூக்கத்தில் (கனவில்லாத ஆழ்ந்த தூக்கம்) ஆஃப் செல்கள் தொடர்ந்து ஓடின; விழிப்பில் ஆன் செல்களின் கை ஓங்கியது. 2005இல் எலி மூத்திரம் பெய்யும் நேரத்தில் அதே ஆன், ஆஃப் செல்களின் ஃபயரிங் (மின்துடிப்பு) மாறுவதைக் காட்டினார்கள். வலி செல் என்றால் அதற்கு மூத்திரப்பையில் என்ன வேலை என்று அப்போதுதான் பலர் கேட்கத் தொடங்கினார்கள்.

2009 சாப்பாட்டு வேலையைக் கட்டாயம் படியுங்கள். சாக்லேட் தின்னும்போதோ, வாய்க்குள் விட்ட தண்ணீரைக் குடிக்கும்போதோ, தரைக்கு அடியில் பல்பு எரிந்து சூடேறினால் எலி பாதத்தைத் தாமதமாகத்தான் தூக்குகிறது. இனிப்புக்கும் வெறும் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லை. கசக்கிற க்வினைன் விட்டால் தாமதம் இல்லை. ரேஃபி மேக்னஸை முடக்கினால் சாக்லேட்டுக்கும் அந்தத் தாமதம் போய்விடுகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், உண்பது, மூத்திரம் பெய்வது, தூங்குவது போல நடுவில் விட முடியாத காரியங்களைக் குறுக்கீடு இல்லாமல் முடிக்க விடுவதே இந்தச் செல்களின் அன்றாட வேலை. வலியைத் தள்ளிவைப்பது அதில் ஒரு பகுதி. என்னைக் கேட்டால் ‘வலி சுவிட்ச்’ படம் போடும் ஸ்லைடுகளை இனியாவது தூக்கிவிடலாம்.

செரோட்டோனின் பற்றி ஒரு வார்த்தை. பிஏஜி தூண்டினால் ஆர்விஎம் செரோட்டோனின் செல் பொங்கித் தண்டுவடத்தில் வலியை அடைக்கும் என்று பாடங்களில் இன்னமும் எழுதுகிறார்கள். 1997இல் மேசன் குழு நேரடியாகவே சோதித்தது. அந்தச் செல்கள் மெதுவாக, கடிகாரம் மாதிரிச் சீராக ஃபயர் ஆகும். பிஏஜியில் வலிநீக்கத் தூண்டல் கொடுத்தாலும் கிளர்ந்து எழவில்லை. அறிமுக அத்தியாயத்தில் பழைய கதையை எழுதிவிட்டு வைவாவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எலிப்பொறி எழுதியது:

தத்துவம் அவர் சொல்லிவிட்டார். நான் கைவேலையைச் சொல்கிறேன்.

ஆர்விஎம் உங்கள் கையைச் சோதிக்கும் இடம். மண்டையோட்டின் முன் தையல்கள் சந்திக்கும் புள்ளியான பிரெக்மாவிலிருந்து சுமார் 11 மில்லிமீட்டர் பின்னால், நடுக்கோட்டில், மண்டையோட்டு மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் தலை ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலே நுனி கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஆகவே பிரெக்மாவும், பின் தையல்கள் சந்திக்கும் லாம்டாவும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு எலியிலும் அளந்து பாருங்கள், வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். எலியின் மேல்பற்களைத் தாங்கும் டூத்-பாரை ‘எப்போதும் மைனஸ் 3.3’ என்று வைத்துவிட்டுப் போகாதீர்கள். எலி மூளை அட்லஸ் 300 கிராம் பக்கம் உள்ள ஆண் விஸ்டாருக்குப் போட்டது. 400 கிராம் எலியில் அதே எண்ணை நம்பினால் குறி தப்பும். முதல் மூன்று நான்கு எலிகளைச் சாயத்துக்கு மட்டும் ஒதுக்கி, உங்கள் காலனிக்கான எண்ணை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து ரத்தம். நடுக்கோட்டில் நேராக இறங்கினால் சிரைக் குடாக்கள் (மூளையைச் சுற்றிய பெரிய ரத்த வாய்க்கால்கள்) சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் துளை போடுவீர்கள். ட்ரில்லை எலும்பின் கடைசி மெல்லிய தகடோடு நிறுத்தி, மீதியை ஊசி நுனியால் எடுங்கள். பீறிட்டால் பஞ்சு திணிக்காதீர்கள். ரத்தத்தை நிறுத்தும் ஜெல்ஃபோம் வைத்து, சலைன் விட்டு, காத்திருங்கள். சிலர் பக்கவாட்டில் 10 டிகிரி சாய்த்து இறங்குவார்கள். அப்படியானால் ஆழத்தைக் கோணத்துக்கு ஏற்பக் கணக்குப் போட வேண்டும்.

26 கேஜ் கைடு கேனுலாவை (இன்ஜெக்டருக்கு வழிகாட்டும், நிலையாகப் பொருத்தும் குழாய்) இலக்குக்கு 2 மில்லிமீட்டர் மேலேயே நிறுத்துங்கள். 33 கேஜ் இன்ஜெக்டர் அந்த 2 மில்லிமீட்டரை எட்டட்டும். கைடையே கடைசி வரை இறக்கினால், அளக்க வேண்டிய இடத்தை நீங்களே கிழித்துவிடுவீர்கள். மண்டையில் மூன்று நான்கு சிறு திருகு, மேலே டென்டல் அக்ரிலிக். எலும்பு ஈரமாக இருந்தால் அக்ரிலிக் பிடிக்காது, ஒரு வாரத்தில் மொத்தத் தொப்பியும் கழன்று வரும்.

0.5 மைக்ரோலிட்டர் இந்த இடத்துக்கு மேல் எல்லை. முடிந்தால் 0.25க்குக் குறையுங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்தி, இன்னும் ஒரு நிமிடமாவது இன்ஜெக்டரை அங்கேயே விட்டுவையுங்கள். உடனே உருவினால் மருந்து கேனுலா வழியே மேலேறிவிடும். ஹேமில்டன் சிரிஞ்சுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே குழாயில் ஒரு சிறு காற்றுக்குமிழி விட்டு, அது நகர்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. சிரிஞ்ச் பம்ப் ஓடுகிறது என்பதற்காக மருந்து உள்ளே போனதாக அர்த்தமில்லை. நுனி அடைத்துக்கொண்டால் குமிழி அசையாது.

தற்காலிகமாக முடக்க லிக்னோகெய்ன் போட்டால் அந்த வழியாகப் போகும் இழைகளும் அடைபடும். மஸ்சிமால் (காபா போலச் செயல்படும் மருந்து) செல்களை மட்டும் அடக்கும், நேரமும் நீளும். விமர்சகர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

முடிந்ததும் அதே கேனுலாவில் அதே அளவு சாயம், ஃபார்மலின் பெர்ஃப்யூஷன் (ரத்தக்குழாய் வழியே ஃபார்மலின் செலுத்தி மூளையைப் பதப்படுத்துவது), 40 மைக்ரான் சீவல், செல்களை நிறமேற்ற க்ரெசில் வயலட். இரு முகநரம்பு உட்கருக்களுக்கு நடுவில், முகுளத்தின் அடியில் ஓடும் பிரமிடு நரம்புக் கற்றைகளுக்கு மேல் புள்ளி விழுந்திருந்தால் சரி. தவறி 1, 2 மில்லிமீட்டர் மேலே விழுந்த எலிகளைத் தூக்கிப் போடாதீர்கள். இடம் சார்ந்த விளைவுதான் என்று நிரூபிக்க அதைவிட நல்ல கன்ட்ரோல் கிடையாது.

மருந்தியல்மேசை எழுதியது:

எலிப்பொறி விட்டுவிட்ட ஒன்று, உங்கள் திட்டத்தையே கவிழ்க்கக்கூடியது: வாலின் தோல் சூடு.

எலி உடல் வெப்பத்தை வெளியேற்றுவது வால் வழியாக. வால் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் நரம்புக் கட்டளையில் ரேஃபி செல்களுக்கும் பங்கு உண்டு, அதுவும் உங்கள் கேனுலா நுனிக்குக் கீழேயே இருக்கும் ரேஃபி பாலிடஸ். நீங்கள் செலுத்துவது செல்களை அடக்கும் மருந்தாக இருந்தால், கொஞ்சம் கீழே பரவினாலும் ரத்தக்குழாய் விரிந்து வால் சூடேறும். தோல் ஏற்கெனவே சூடாக இருந்தால் வலி எல்லையை விளக்கு சீக்கிரம் எட்டிவிடும், வால் சீக்கிரம் இழுபடும். நீங்கள் ‘வலி கூடியது’ என்று எழுதுவீர்கள். வால் குளிர்ந்தால் ‘வலி குறைந்தது’ என்பீர்கள். வலியில் எந்த மாற்றமும் நடந்திருக்காது. நார்வே குழு ஒன்று 1989இலேயே வால் தோல் வெப்பத்தைக் கணக்கில் எடுத்து நேரத்தைத் திருத்தும் முறையை வெளியிட்டது. இன்னமும் பாதிப் பேர் கண்டுகொள்வதில்லை.

செய்ய வேண்டியது சுலபம்தான். ஒவ்வொரு அளவுக்கும் முன் மெல்லிய தெர்மோகப்பிளை வாலில் வைத்துப் படித்து எழுதுங்கள். மலக்குடல் வெப்பத்தையும் எழுதுங்கள். அறையை நாள் முழுக்க ஒரே வெப்பத்தில் வையுங்கள்; ஏசி காற்று நேராக எலிமேல் அடிக்கக் கூடாது. விளக்கின் வீரியத்தை, அடிப்படை நேரம் 3, 4 விநாடி வரும்படி சரிசெய்து, 10 விநாடியில் கட்-ஆஃப் வையுங்கள், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பச் சுடாமல் இடத்தை மாற்றி, நடுவில் 5 நிமிடம் விடுங்கள். கூடவே வாலை நம்பாத இன்னொரு சோதனையும் வையுங்கள், பாதத்துக்குச் சூடு கொடுத்து, தூக்கும் நேரத்தை அளக்கும் ஹார்க்ரீவ்ஸ் போதும்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கு மார்ஃபின் வகை மருந்தான பியூப்ரினார்ஃபின் போட்டால், அது அடங்கும் வரை ஆன், ஆஃப் செல்களின் நடத்தையே மாறியிருக்கும். அதற்காக வலிநிவாரணி போடாமல் விடாதீர்கள், நெறிமுறைக் குழுவும் விடாது. மார்ஃபின் வகையைச் சேராத மெலாக்சிகாம் மாதிரி ஒன்றை விண்ணப்பத்திலேயே எழுதி, ஒரு வாரம் ஆறவிட்டுத் தொடங்குங்கள்.

புதுச்சிறகு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வால் வெப்பம் பட்டியலிலேயே இல்லை, இன்றே சேர்க்கிறேன். அதே எலியில் மூத்திரப்பை அழுத்தத்தையும் பதிவு செய்ய முடியுமா? மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் வாயு போதும் என்கிறார் என் ஆய்வு வழிகாட்டி.

நிரம்பியபை எழுதியது:

ஐசோஃப்ளூரேனில் மூத்திர அனிச்சை பெரும்பாலும் அமுங்கிவிடும். பை நிரம்பி வழியும், பெய்யாது. அனிச்சை உயிரோடு வேண்டுமென்றால் யூரித்தேன் என்ற மயக்கமருந்தை, கிலோவுக்கு 1.2 கிராம் சுற்றி, பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். யூரித்தேன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை, ஃப்யூம் ஹுட் கட்டாயம். எலியும் மயக்கத்திலிருந்து எழக் கூடாது. ஆகவே வரிசை இப்படித்தான் அமையும்: விழித்த எலியில் டெயில்-ஃப்ளிக் முழுவதையும் முடித்துவிட்டு, கடைசி நாளில் யூரித்தேன், சிஸ்டோமெட்ரி (பையை நிரப்பி அழுத்தத்தை அளப்பது), அப்படியே பெர்ஃப்யூஷன்.

பிஇ-50 குழாயின் நுனியைச் சூட்டில் லேசாக விரித்து, பையின் உச்சியில் சுருக்குத் தையலோடு கட்டுங்கள். நுனி எதிர்ச் சுவரைத் தொட்டால் அழுத்தம் பொய்யாக ஏறும். குழாயில் காற்று இருந்தால் சிகரங்கள் மழுங்கும். அறை வெப்பச் சலைன், நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 மில்லிலிட்டர். அவசரப்பட்டுக் கூட்டினால் இயல்பான சுழற்சி கிடைக்காது. முதல் அரைமணி நேரப் பதிவைக் கணக்கில் எடுக்காதீர்கள். வெளிச் சுருக்குத்தசையில் இரண்டு மெல்லிய கம்பி செருகி இஎம்ஜி (தசையின் மின்பதிவு) எடுத்தால், எலி உண்மையில் பெய்யும்போது விட்டுவிட்டுத் துடிக்கும் வடிவம் தெரியும். அது இல்லாமல் சொட்டினால் வெறும் கசிவு.

ஆர்விஎம் செல்களின் மின்பதிவும் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: ஆஃப் செல் நிமிடக்கணக்கில் தானாகவே அமைதியாகிவிடும். அந்த நேரத்தில் சூடு வைத்தால் நிற்பதற்கு ஒன்றுமே இருக்காது, நியூட்ரல் என்று எழுதிவிடுவீர்கள். மயக்கம் ஆழமாகி வால் அனிச்சை போயிருந்தாலும் இதே கதைதான். வால் இழுபடுகிறதா, செல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்று முறை சோதித்துப் பெயர் வையுங்கள், பிறகு பம்பைப் போடுங்கள்.

யூரித்தேனை முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான, முன்பு சிபிசிஎஸ்இஏ என்றிருந்த சிசிஎஸ்இஏ படிவத்தில் மயக்கமருந்தை நடுவில் மாற்றினால் திருத்தம் போட்டு மறுபடி குழுவுக்குப் போக வேண்டும்.