பொருள்: "படிகக் குகை"க்கு மாற்றாகப் "படிகப்பொந்து"

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

யாங்கோன் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்காக நாம் எழுதிவரும் பர்மாவின் மாணிக்கச் சுரங்க நகரான மோகோக் பற்றிய கையேட்டில், அதை அடுத்த சக்கான்ஜியின் பழைய படிகச் சுரங்கம் பற்றிய பகுதிக்கு மௌல்மீன் ஐயா "படிகக் குகை" என்னும் சொல்லை முன்மொழிந்திருக்கிறார். பெக்மடைட் என்னும், பெரிய படிகங்களாக இறுகிய கிரானைட் வகைப் பாறையின் உள்ளே வெற்றிடமாக அமைந்து, சுற்றுச்சுவரிலிருந்து குவார்ட்சு, டோபாஸ் ஆகிய கனிமங்கள் உள்நோக்கி வளர்ந்து நிற்கும் இடத்தையே ஐயா அவ்வாறு குறிக்கிறார். சொல் எளியது, கேட்டவுடன் விளங்குவது. ஆனால் மோகோக்கைப் பற்றிய நூலில் அதை ஆளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. "படிகப்பொந்து" என்பதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

மோகோக்கில் குகை என்பது ஏற்கெனவே வேறொன்றின் பெயர். அங்குள்ள பளிங்குப் பாறையை மழைநீர் நெடுங்காலம் கரைத்ததால் குகைகளும் பிளவுகளும் உண்டாயின. பாறை கரைந்தபின் எஞ்சிய மாணிக்கமும் பிற மணிகளும் மண்ணோடும் சரளையோடும் அவற்றுள் வந்து தங்கின. அந்த மணிச்சரளையைப் பர்மியர் பியோன் என்பர். அதைத் தேடிக் குகைக்குள் இறங்கும் சுரங்கத்தை லூட்வின் என்றும், பள்ளத்தாக்குத் தரையில் கிணறுபோல் நேராகத் தோண்டும் குழியை ட்வின்லோன் என்றும் அழைப்பர். 1886ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மேல்பர்மாவை இணைத்துக்கொண்டதும், 1889இல் பர்மா ரூபி மைன்ஸ் கம்பெனி குத்தகை பெற்றதும், 1931இல் அதைத் திருப்பிக் கொடுத்ததும் மாணிக்கத்தின் வரலாறு. கம்பெனி தோண்டிய பெரும்பள்ளம்தான் இன்று நகர நடுவே ஏரியாகக் கிடக்கிறது. இவ்வளவு பெரிய கதைக்குப் பக்கத்தில் "படிகக் குகை" என்று எழுதினால், பிள்ளைகள் அதையும் ஒரு லூட்வின் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

உண்மையில் இரண்டும் பிறப்பிலேயே வேறானவை. லூட்வினில் வெற்றிடம் பின்னால் வந்தது. மணி வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. பெக்மடைட்டிலோ வெற்றிடமும் படிகமும் ஒரே நிகழ்ச்சியின் விளைவுகள். கிரானைட் குழம்பு குளிர்ந்து இறுகும்போது, கடைசியாக எஞ்சும் பகுதியில் நீரும் ஃபுளோரினும் பெரிலியமும் போன்றவை செறிந்துவிடுகின்றன; அந்த நீர் குழம்பிலிருந்து பிரிந்து ஓரிடத்தில் திரளும்போது, சுற்றிலும் பாறை இறுக, நடுவே திரவம் நிறைந்த ஒரு வெளி மிஞ்சுகிறது. நெருக்குவதற்குப் பக்கத்துக் கனிமம் இல்லாததால் அங்கே குவார்ட்சு தனக்குரிய அறுகோண வடிவத்தை முழுமையாகப் பெறுகிறது. ஃபுளோரின் இருப்பதால் டோபாஸும் பெரிலியம் இருப்பதால் பெரில் என்னும் கனிமமும் உடன் விளைகின்றன. மாணிக்கமோ சிலிக்கா மிகுந்த இப்படிப்பட்ட சூழலில் விளையாது. ஒரே மலைத்தொடரில் கிடைத்தாலும் இவை எதிரெதிரான வேதிச்சூழல்களின் பிள்ளைகள்.

வகுப்பில் நாம் காட்டும் குவார்ட்சுத் துண்டையே பாருங்கள். அடிப்பகுதி சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டதால் கரடுமுரடாகவும் பால்வெள்ளையாகவும் இருக்கிறது. மேலே போகப்போகத் தெளிந்து, நுனி கூராக முடிகிறது. பக்கங்களில் குறுக்காக ஓடும் மெல்லிய வரிகளை நகத்தால் தடவியே உணரலாம். வெற்றிடத்துக்குள் தடையின்றி வளர்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். "படிகப் பை" பாக்கெட் (pocket) என்னும் ஆங்கிலச் சொல்லின் நிழலாக இருக்கிறது. "படிகக்கூடு" கேட்க அழகானது. ஆனால் அணுக்களின் ஒழுங்கமைப்பைக் குறிப்பதாக மாணவர் மயங்குவர். "அறை" எரிமலைக் குழம்பறைக்குப் போய்விட்டது. பொந்துக்கு வாய் உண்டு, இதற்கு வாய் இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். வாயைவிட, திண்மையான ஒன்றின் உள்ளே கோறையாகிய இடம் என்பதே மரப்பொந்து என்னும் வழக்கில் முதன்மையான பொருள் என்று கருதுகிறேன். தவிர, பொந்துச்சுவர், பொந்துக் களிமண், பொந்துப் படிகம் எனக் கிளைச்சொற்களும் இடறலின்றி வருகின்றன.

இதனோடு ஒட்டிய இன்னொரு வேண்டுகோள். பழந்தமிழில் பளிங்கும் படிகமும் குவார்ட்சையே குறித்தன. இன்று பளிங்கு சலவைக்கல்லுக்கும், படிகம் ஒழுங்கான அணுவமைப்புள்ள எந்தத் திண்மத்துக்கும் பெயராகிவிட்டன. கையேடு முழுவதும் இந்த இன்றைய வழக்கையே கொண்டு, கனிமத்தைக் குவார்ட்சு என்றே எழுதுவோம். நகைக்கடையில் புஷ்பராகம் மஞ்சள் நிற நீலக்கல்லையும் (சஃபையர்) சுட்டுவதால் டோபாஸை அப்படியே விட்டிருக்கிறேன்.

வரைவில் சேர்க்க விரும்பும் வாக்கியம் இது: "மோகோக்கின் மாணிக்கம் பளிங்குப் பாறையில் விளைந்து குகைச் சரளையில் தங்கியது, சக்கான்ஜியின் குவார்ட்சு பெக்மடைட்டின் படிகப்பொந்துகளிலேயே விளைந்து, அங்கேயே நின்றது." வேறு சொல்லை முன்மொழிபவர்கள் அதை இந்த வாக்கியத்தில் பொருத்திக் காட்டி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.