முடவாட்டுக்கால் கிழங்கு: சமைப்பது எப்படி? மூட்டு வலிக்குக் கொடுக்கலாமா?

சேலத்து மருமகள்:
கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவிக்குச் செல்லும் வழியில் முடவாட்டுக்கால் சூப் அருந்தினோம். சுவை பிடித்துப்போனதால் அரைக் கிலோ கிழங்கும் வாங்கி வந்தேன். மேலே பழுப்பு நிற ரோமம் அடர்ந்திருக்கிறது. அதைச் சீவிவிட வேண்டுமா? மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிட்டுவரும் என் மாமியாருக்கு இதைத் தொடர்ந்து கொடுக்கலாமா?

அடுப்படி ஆசான்:
ரோமத்தோடு தோலையும் கத்தியால் முழுமையாகச் சீவி, வெளிறிய பச்சை நிறச் சதை தெரியும்வரை நன்றாகக் கழுவுங்கள். நான்கு பேருக்கு விரல் நீளத் துண்டுகள் இரண்டு போதும். அவற்றை மெல்லியதாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றோடு அம்மியில் நசுக்கி, தக்காளியும் மஞ்சள் தூளும் சேர்த்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். மிக்ஸியில் விழுதாக அரைத்தால் சாறு குழகுழப்பாகிவிடும் என்பதால் நான் அரைப்பதில்லை. உப்பையும் கொத்தமல்லித் தழையையும் கடைசியில் சேர்த்தால் போதும். ஆட்டுக்கால் சூப்புக்கு ஈடு என்று சொல்வது சற்று மிகை. ஆனால் குளிர்ந்த மாலையில் அந்தக் குறை தெரியாது.

தாவரவியல் ஆசிரியர்:
நாம் கிழங்கு என்று அழைத்தாலும், இது பாறைகளிலும் மரங்களிலும் படர்ந்து வளரும் ஒரு பெரணியின் தண்டு. பூவோ விதையோ இல்லாத இச்செடி வித்துத்தூள்களால் பெருகுகிறது. பச்சை இலைகளைத் தவிர, அடியில் ஓக் மர இலை வடிவில் காய்ந்து நிற்கும் பழுப்பு இலைகளும் இதற்கு உண்டு. அவை உதிர்ந்த சருகுகளைத் தாங்கிப் பிடித்து மட்கச் செய்வதால், மண்ணே இல்லாத பாறையிலும் செடிக்கு உணவு கிடைக்கிறது. மூட்டு வலிக்கு இதை உண்பது மலைவாழ் மக்களின் நெடுநாள் வழக்கம். எலிகளிடம் நடந்த ஆய்வுகளிலும் இதன் சாறு வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. அதைக் கொண்டு மனிதர்களுக்கான மருந்தளவைத் தீர்மானிக்க இயலாது. எனவே உங்கள் மாமியார் எப்போதாவது சூப்பாக அருந்தட்டும். நாள்தோறும் கொடுப்பதானால் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மாடித்தோட்டக்காரர்:
அரைக் கிலோவையும் சமைத்துவிடாதீர்கள். நுனியில் உயிருள்ள மொட்டு இருக்கும் துண்டு ஒன்றைத் தேங்காய் மட்டையில் கட்டி, நிழலில் தொங்கவிட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் துளிர்க்கும். மண்ணில் ஆழமாகப் புதைத்தால் அழுகிவிடும்.