மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாங்கிய கார்

எங்கள் வீட்டில் ஆறு பேர். ஐந்து சீட் காரில் எட்டு வருஷம் ஓட்டினோம். எங்கே கிளம்பினாலும் ஒருவர் தனியாக பஸ்ஸில் வருவார். பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான். அதனால் மூன்று வரிசை சொகுசு எஸ்யூவி தேடும்போது நான் பார்த்தது கடைசி வரிசையை மட்டும்தான்.

முதல் ஷோரூமில் சாவியை நீட்டி, "ஓட்டிப் பாருங்க சார்" என்றார்கள். மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் போனேன். "அது பசங்களுக்குத்தான் சார்" என்று கூட வந்தவர் இழுத்தார். நடு சீட்டைச் சாய்த்து, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு ஒருவழியாக உட்கார்ந்தேன். தலை இடிக்கவில்லை. முழங்காலுக்கு முன்னால் நாலு விரல் இடம்கூட இருந்தது. ஆனால் தரை உயரம், சீட்டோ தாழ்வு. முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட, தொடை சீட்டில் படவே இல்லை. உடம்பின் மொத்த எடையும் இடுப்பில். விளம்பரப் புத்தகத்தில் கால் நீட்டும் இடத்தை மில்லிமீட்டரில் போடுகிறார்கள், தரைக்கும் சீட்டுக்கும் உள்ள உயரத்தைப் போடுவதில்லை. டேப் எடுத்துப் போங்கள்.

அப்புறம் ஒரு வேகத்தடை. கடைசி சீட் பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் முன்னால் இருப்பவருக்கு வெறும் குலுக்கல், எனக்கு முதுகில் அடி. அந்த வண்டியில் 21 அங்குலச் சக்கரம். அடம்பிடித்து அதே மாடலை 19 அங்குலத்தில் வரவழைத்து மறுபடி உட்கார்ந்தேன். சக்கரம் சின்னதானதால் டயரின் பக்கச் சுவர் உயரமாக இருந்தது, பாதி அடியை அதுவே வாங்கிக்கொண்டது. பார்க்க அழகு பெரிய சக்கரம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு ப்ளக்-இன் ஹைப்ரிட் ஆசையும் இருந்தது, அதாவது எஞ்சினோடு, சார்ஜ் போட்டு ஓட்டும் பேட்டரியும் உள்ள வண்டி. அங்கேதான் பலர் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறேன். பெட்ரோல், டீசல் ஆடி க்யூ7-இல் ஏழு சீட் உண்டு. ப்ளக்-இன் க்யூ7-இல் டிக்கி தரைக்கு அடியில் பேட்டரி போனதால் ஐந்தே சீட். பிஎம்டபிள்யூ எக்ஸ்5 ப்ளக்-இன்னிலும் மூன்றாவது வரிசை இல்லை. வோல்வோ எக்ஸ்சி90-இல் பேட்டரியை நடுத் தரை மேட்டுக்குள் நீளவாக்கில் வைத்திருப்பதால் ஏழு சீட்டும் தப்பித்தது. கடைசியில் அதையே வாங்கினோம். அதன் கடைசி வரிசை 170 செ.மீ. உயரம் வரை உள்ளவர்களுக்கு என்று கம்பெனியே சொல்கிறது. நான் 173. முறை வைத்து உட்கார்கிறோம், என் முறையில் மட்டும் அரை மணிக்கு ஒருதரம் வண்டி நிற்கும்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன், நீங்கள் டிக்கியைப் பற்றிச் சொல்லவில்லையே. என் வண்டி வேறு, பெயர் வேண்டாம். வாங்கும் நாளில் சீட் எல்லாம் மடக்கியிருந்தது, டிக்கி மைதானம் மாதிரி தெரிந்தது. ஏழு பேரும் ஏறிய முதல் பயணத்தில் இரண்டு தோள்பைக்கு மேல் எதுவும் போகவில்லை. மடியில் ஆளுக்கொரு பெட்டி.

அன்றைக்கே டயரும் கிழிந்தது. தரையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி இல்லை. ஒரு காற்றடிக்கும் மெஷினும் பசை பாட்டிலும்தான். ஆணி குத்திய ஓட்டையை அந்தப் பசை அடைக்கும், பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. எனக்குக் கிழிந்தது பக்கச் சுவர். இழுவை வண்டியில் ஏழு பேர் ஏற முடியாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். டெஸ்ட் டிரைவுக்கு முன் அந்தத் தரையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

*

நீங்கள் இருவரும் சொன்னதோடு, கைக்குழந்தை இருப்பவர்களுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். நடு வரிசையில் குழந்தை சீட்டை மாட்டிவிட்டால், பல வண்டிகளில் அந்த சீட்டை முன்னால் சாய்க்க முடியாது. பின்னால் போக வழியே அடைபட்டுவிடும். நடுவில் தனித்தனியாக இரண்டு சீட் வைத்த ஆறு சீட் மாடலில் இடையே நடந்து போகலாம். எங்களுக்கு ஏழு வேண்டும் என்று பிடிவாதமாக நீள சீட்டை எடுத்தோம். இரண்டு பக்கமும் குழந்தை சீட். பெரியவன் இப்போது டிக்கி கதவைத் திறந்து, சீட்டின் முதுகைத் தாண்டிக் குதித்துத்தான் தன் இடத்துக்குப் போகிறான். அவனுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. மழை நாளில் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பது நான்.