கணினிப் பெட்டியை யாரேனும் திறந்தார்களா என்று அறிவது எப்படி?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். கடற்கரையை ஒட்டிய ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்து வருகிறேன். நாங்கள் இல்லாத வேளையில் எவரேனும் அலுவலகக் கணினியின் பெட்டியைத் திறந்தால் அது தெரிய வேண்டும். திருகாணிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். உப்புக்காற்றில் ஓரங்கள் தாமாகவே சுருண்டுவிடுவதால், பிரித்தது ஆளா காற்றா என்று சொல்ல முடியவில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி (கீழக்கரை):
உங்கள் மதர்போர்டில் சேஸிஸ் இன்ட்ரூஷன் பின்கள் (பெட்டி திறக்கப்படுவதை உணரும் சுவிட்சுக்கான இணைப்பு முனைகள்) உள்ளனவா என்று பாருங்கள். மூடியின் உட்புறம் ஒரு சிறு சுவிட்சைப் பொருத்தி அவற்றுடன் இணைத்தால், மின்சாரம் இல்லாதபோது மூடி திறக்கப்பட்டாலும், போர்டிலுள்ள வட்ட பேட்டரியின் துணையால் அது பதிவாகி, அடுத்த முறை இயக்கும்போது பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) எச்சரிக்கும். பயாஸுக்குக் கடவுச்சொல் இடாவிட்டால் வந்தவரே அந்தப் பதிவை அழித்துவிட்டுப் போவார்.

மறுமொழி (தொண்டி):
சுவிட்சின் முனைகள் அரித்துப்போனால் பொய் எச்சரிக்கை வரும் என்பதால், நம் பக்கத்தில் அதை மட்டும் நம்ப மாட்டேன். மினுக்குத் துகள் கலந்த நகப்பூச்சைத் திருகாணியின் தலையும் தகடும் சேரும் இடத்தில் தடவி, காய்ந்ததும் நெருக்கத்தில் படமெடுத்து, அப்படத்தை வேறிடத்தில் வையுங்கள். துகள்கள் விழுந்த அமைப்பை மறுபடி அப்படியே உருவாக்குவது மிகக் கடினம். 2013-இல் ஹாம்பர்க் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்னும் ஹேக்கர்கள் மாநாட்டில் இம்முறை விளக்கப்பட்டது. பூசுமுன் துருவைத் தேய்த்து எடுங்கள். இல்லையெனில் துருவோடு பூச்சும் உரிந்துவரும். இன்னொன்று: கீபோர்டு கேபிளுக்கும் யுஎஸ்பி போர்ட்டுக்கும் இடையில் கீலாகரை (தட்டச்சு செய்வதைப் பதிவுசெய்யும் சிறு கருவியை)ச் செருகப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், ஆகவே பின்புறத்தையும் சேர்த்துப் படமெடுங்கள்.