மூணாவது மானிட்டரையும் திருப்பிக் கொடுக்கலாமா, இல்ல விஏ பேனலுக்கு மாறிடலாமா?

ஈரோட்டுக்காரி:
கல்யாண ஆல்பம் டிசைன் பண்றேனுங்க. ரெண்டு மாசத்துல ஒரே மாடல்ல இது மூணாவது மானிட்டர். 27 இஞ்ச், 2560×1440 பிக்சல், ஐபிஎஸ் பேனல் (எல்சிடி திரையில இது ஒரு வகை, விஏ இன்னொரு வகை).

முதல் பீஸ்ல இருந்த கோளாறு கரண்ட் போன அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ரூம் கும்மிருட்டு, யுபிஎஸ்ல மானிட்டர் மட்டும் ஓடுது. ரிசப்ஷன் போட்டோவுல மாப்பிள்ளை கறுப்புக் கோட்டு மேல, வலது கீழ் மூலையில, டீ கொட்டுன மாதிரி மஞ்சள். எப்படி நகர்ந்து பார்த்தாலும் அதே இடம்.

ரெண்டாவது பீஸ்ல பொண்ணு கன்னத்துல ஒரு பச்சைப் புள்ளி. ஹீலிங் பிரஷ் வெச்சு பத்து நிமிஷம் தேய்ச்சேன், போகல. ஜூம் பண்ணுனா முகம் நகருது, புள்ளி நகரல. அப்பத்தான் உறைச்சுது.

இப்ப மூணாவதுல இடது மேல் மூலை வெளுப்பா இருக்கு. கடைக்காரரு, "ஐபிஎஸ்ன்னா அப்படித்தாங்க மேடம், விஏ எடுத்துக்கங்க"ங்கறாரு. திருப்பிக் கொடுக்க இன்னும் 6 நாள் இருக்கு. என்ன பண்ணலாம்?

விளையாட்டுப்பிள்ளை:
விஏ எடுங்க அக்கா, யோசிக்காதீங்க. ஐபிஎஸ் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 1000:1 பக்கம்தான், விஏல 3000:1 வரும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு உட்கார்ந்தா கறுப்பு கறுப்பாவே இருக்கும். என்ன, கேம்ல இருட்டுக் குகைக்குள்ள வேகமா திரும்புனா நிழல் பின்னாடியே இழுத்துக்கிட்டு வரும். உங்களுக்கு அது பிரச்சினை இல்லையே.

பழைய சர்வீஸ்:
தம்பி சொல்ற கணக்கு சரி. ஆனா தங்கச்சி, ஆல்பம் பார்க்க வர்றவங்க எங்க உட்காருவாங்க? உனக்கு ரெண்டு பக்கமும் நாலு பேர் நாற்காலி போட்டு உட்காருவாங்கல்ல? விஏல நேரா பார்க்கிறவங்களுக்கு ஒரு நிறம், சாய்ஞ்சு பார்க்கிறவங்களுக்கு வேற நிறம். நிழல் விழுந்த இடமெல்லாம் வெளுத்துடும். மாமியார் "பொண்ணு முகம் வெளிறிக் கிடக்கே"ம்பாங்க, நாத்தனார் "நல்லாத்தானே இருக்கு"ம்பாங்க. நீ நடுவுல மாட்டிக்குவ. உன் தொழிலுக்கு ஐபிஎஸ்தான்.

சென்னை ரிச்சி தெருவுல பல வருஷம் பேனல் மாத்தின கை இது. உன் மூணு பீஸ்ல மூணு வேற வேற விஷயம் இருக்கு. எல்லாத்தையும் ஒரே கணக்குல சேர்க்காத.

முதல் பீஸ்ல இருந்தது ஒளிக்கசிவு. ஓரத்துச் சட்டம் பேனலை ஒரு பக்கமா அழுத்தினா பின்னாடி இருக்கிற எல்ஈடி வெளிச்சம் அந்த இடத்துல பிதுங்கி வரும். நீ நகர்ந்தாலும் அது நகராது. திருப்பினது நியாயம்.

இப்ப இருக்கிறது 'ஐபிஎஸ் குளோ'வா இருக்கலாம். அது பேனலோட பிறவிக்குணம். சாய்வா பார்க்கும்போது போலரைசர்ங்கற வடிகட்டித் தாள் வெளிச்சத்தை முழுசா தடுக்காது, அதனால மூலை வெளுக்கும். முழுக் கறுப்புப் படம் ஒண்ணு போட்டு, லைட்டை அணைச்சுட்டு, நாற்காலியை அஞ்சடி பின்னால தள்ளிப் பாரு. வெளுப்பு குறைஞ்சா, தலையை அசைக்கும்போது இடம் மாறினா, குளோ. போன்ல படம் எடுத்து முடிவு பண்ணாத. இருட்டைப் பார்த்ததும் போன் எக்ஸ்போஷரை ஏத்திடும். நல்ல பேனல்கூட ஊர்த் திருவிழா மாதிரி தெரியும்.

பிரைட்னஸ் எவ்வளவு வெச்சிருக்க? 100லயா? பெட்டியில வர்றபடியே ஓட்டறவங்கதான் இந்தப் புகாரோட அதிகமா என்கிட்ட வருவாங்க. அச்சுக்குப் போற வேலைக்கு 80லேருந்து 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தோட அளவு) போதும்.

பச்சைப் புள்ளியை அவங்க மறுபேச்சு இல்லாம மாத்திக் கொடுத்தது உன் அதிர்ஷ்டம். 2001ல வந்த ஐஎஸ்ஓ 13406-2ன்னு ஒரு தர விதி. அதோட இரண்டாம் வகுப்புல பத்து லட்சம் பிக்சலுக்கு 5 துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள்ள இருக்கிற சிவப்பு, பச்சை, நீலப் புள்ளி) கோளாறு வரைக்கும் அனுமதி. உன் திரையில கிட்டத்தட்ட 37 லட்சம் பிக்சல். பெருக்கிப் பாரு, 18 புள்ளி இருந்தாலும் 'பாஸ்'! பின்னால ஐஎஸ்ஓ 9241-307ன்னு புது விதி அந்த இடத்துக்கு வந்துச்சு, ஆனா இன்னிக்கும் வாரண்டி பேப்பர்ல இந்த வகுப்புக் கணக்கைத்தான் சில கம்பெனி காட்டும். டெல் அல்ட்ராஷார்ப் வரிசையில ஒரே ஒரு ஒளிரும் புள்ளி இருந்தாலும் மாத்தித் தர்ற உத்தரவாதம் உண்டு. அடுத்த தடவை வாங்கும்போது விலைக்கு முன்னாடி அந்தப் பேப்பரைப் படி.

இன்னொண்ணு. முன்னாடி இருக்கிற பேர் வேற, உள்ள பேனல் செஞ்சவங்க வேற. எல்ஜி டிஸ்ப்ளே, ஏயூஓ, பிஓஈ, இன்னோலக்ஸ் இவங்கதான் பெரும்பாலும் உள்ள இருப்பாங்க. ஒரே மாடல் பேர்ல ரெண்டு கம்பெனி பேனல் வந்ததை நானே கழட்டிப் பார்த்திருக்கேன்.

விளையாட்டுப்பிள்ளை:
அப்ப ஓஎல்ஈடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ற திரை) எடுத்தா கசிவும் இல்ல, குளோவும் இல்லையே அண்ணே?

பழைய சர்வீஸ்:
பின்விளக்கே இல்லாதப்ப கசியறதுக்கு என்ன இருக்கு? ஆனா தங்கச்சி திரையில போட்டோஷாப் டூல்பார் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஒரே இடத்துல நிக்கும். அந்தத் தடம் நாளடைவுல திரையிலேயே பதிஞ்சிடலாம். கறுப்பு இன்னும் நல்லா வேணும்னா 2022லேருந்து 'ஐபிஎஸ் பிளாக்' கிடைக்குது, 2000:1. காசு கூட ஆகும்.

ஈரோட்டுக்காரி:
அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே 100லதான் இருந்துச்சு! 35க்கு இறக்கிட்டு, நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் பார்த்தேன். வெளுப்பு பாதிக்கு மேல காணோம், தலையைச் சாய்ச்சா கூடவே நகருது. ஆனா தேடுற புத்தி வந்துடுச்சுங்ணா. சாம்பல் நிறத்துல முழுப் பக்கம் போட்டா நடுவுல லேசா அழுக்குப் பட்டை மாதிரி தெரியுது.

பழைய சர்வீஸ்:
போட்டோவுல தெரியுதா?

ஈரோட்டுக்காரி:
இல்லைங்ணா. சாம்பல் போட்டாத்தான்.

பழைய சர்வீஸ்:
இன்னும் எத்தனை நாள் பாக்கி?

ஈரோட்டுக்காரி:
4 நாள். நாளைக்கு ஒரு வளைகாப்பு ஆல்பம் இருக்கு, பின்னணி பூரா வெள்ளைத் துணி. அதுல பட்டை தெரிஞ்சா கடைக்கு, தெரியலைன்னா பெட்டியைப் பரண் மேல ஏத்திடறேன்.